திரையில் ஒரு கடைத்தெரு



உங்கள் குடும்பத்திலோ, உறவினர் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ இப்படியொரு பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். வயது பதினெட்டு, பேச்சோ ஐந்து வயதுப் பாலகனுடையது. கடைக்குச் சென்று ஒரு தேங்காய் வாங்கி வரத் தெரியாது. பேருந்தின் எண்ணைப் பார்த்து ஏறத் தெரியாது. திருமண வீட்டிற்கு எல்லோரும் புறப்படும்போது அவனை மட்டும் ராத்தாவின் பொறுப்பில் வீட்டில் விட்டுச் செல்வார்கள். விருந்தினர் வந்தால் உள்ளறைக் கதவு சாத்தப்படும். அண்மைக் காலமாக அந்த உள்ளறையில் புதிய பொருள் ஒன்றும் சேர்ந்திருக்கிறது, அதுதான் கைப்பேசி! அதைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை மணிக்கணக்கில் சத்தமின்றி இருக்கிறான். வீட்டாரும் நிம்மதியாகத் தத்தம் வேலையைப் பார்க்கிறார்கள்.

அப்பிள்ளையின் உம்மாவிடம் தனித்திருக்கும் வேளையில் பேசிப் பாருங்கள். மருந்தைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ அவர் முதலில் பேச மாட்டார். "எங்கள் கண் மூடிய பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்றுதான் கேட்பார். உலகின் எந்த நாட்டுத் தாயும் இத்தகைய பிள்ளையைப் பெற்றிருந்தால் கேட்கும் கேள்வி அது.

அக்கேள்வியை நெஞ்சில் நிறுத்தியே இக்கட்டுரையை எழுதுகிறோம். பிள்ளையை வாயடைக்கக் கொடுக்கும் அதே கைப்பேசியும் கணினியும், அவனுக்குக் கடைக்குப் போகவும், காசை எண்ணவும், அடுப்படியில் உதவவும் கற்றுத்தரும் ஆசிரியராக முடியுமா? முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஆனால், எல்லா விளையாட்டாலும் அது முடியாது. எவ்வாறு அமைந்த விளையாட்டு கற்பிக்கும், எவ்வாறு அமைந்தது காலத்தையும் பணத்தையும் தின்னும் என்பதைப் பெற்றோராகிய நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

கற்க இயலாதவர்கள் அல்லர்

அறிவுத்திறன் சார்ந்த குறைபாடு என்பது ஒரே நோயின் பெயரன்று. பல நிலைகளைக் குறிக்கும் பொதுச்சொல். ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் தோன்றும் டவுன் சின்ட்ரோம், பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் வேறுபாட்டை உண்டாக்கும் ஆட்டிசம், பிரசவ வேளையில் மூளைக்குப் போதிய பிராணவாயு கிடைக்காமையால் நேரும் பாதிப்பு, மற்ற எல்லாவற்றிலும் சூட்டிகையாக இருந்தும் எழுத்திலோ கணக்கிலோ மட்டும் தடுமாறச் செய்யும் கற்றல் குறைபாடு எனப் பலவும் இதில் அடங்கும். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகிய மூன்றும் அதில் தனித்தனியே இடம்பெற்றுள்ளன.

ஒன்றை நாம் மறக்கலாகாது. இவர்கள் கற்க இயலாதவர்கள் அல்லர். மெதுவாகக் கற்பவர்கள், வேறு வழியில் கற்பவர்கள். பிற பிள்ளைகள் மூன்று முறை செய்து பழகுவதை இவர்கள் முந்நூறு முறை செய்து பழக வேண்டியிருக்கலாம். முந்நூறு முறையும் முகம் சுளிக்காமல், குரல் உயர்த்தாமல், "எத்தனை தடவை சொல்வது?" என்று அலுத்துக்கொள்ளாமல் கற்றுத்தர யாரால் இயலும்? பெற்ற தாயின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. கணினிக்கு அந்த எல்லை இல்லை. முந்நூறாவது முறையும் முதல் முறையின் அதே குரலில் அது சொல்லித்தரும். இவர்களுக்கான கல்வி விளையாட்டுகளைப் பற்றி அறிஞர்கள் எண்ணத் தொடங்கியதற்கு இது முதற்காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. நம் பிள்ளை கடையில் தவறு செய்தால் நாலுபேர் சிரிப்பார்கள். சாலையைக் கடப்பதில் தவறு செய்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நாம் அவனைக் கடைக்கும் அனுப்புவதில்லை, சாலைக்கும் அனுப்புவதில்லை. தவறு செய்ய வாய்ப்பே கிடைக்காதவன் எவ்வாறு கற்பான்? திரையில் தவறு செய்தால் சிரிப்பவர் எவருமில்லை, அடிபடுவதும் இல்லை. மறுபடியும் தொடங்கலாம், அவ்வளவுதான்.

நாட்டிங்ஹாம் நகரில் எழுந்த கடை

இந்த எண்ணத்தை முன்னின்று செயற்படுத்திய இடங்களுள் ஒன்று இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரம். 1990களின் தொடக்கத்தில் அந்நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கடுமையான கற்றல் குறைபாடு உடைய மாணவர்கள் பயிலும் ஷெப்பர்ட் பள்ளியோடு சேர்ந்து பணியாற்றினர். டேவிட் பிரவுன், பென்னி ஸ்டாண்டன் ஆகியோர் இத்துறையில் பல்லாண்டுகள் உழைத்தவர்கள்.

அவர்கள் தலையில் மாட்டும் விலையுயர்ந்த கருவி எதையும் நாடவில்லை. மேசைமீது வைக்கும் சாதாரணக் கணினியின் திரையிலேயே வீடு, கடை போன்ற இடங்களை வரைந்து காட்டினர். மாணவன் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து அவ்விடங்களுக்குள் "நடப்பான்". மவுஸால் பொருள்களைத் தொட்டு எடுப்பான். பின்னாளில் இந்த முயற்சி வளர்ந்து வீடு, சிற்றுண்டிச் சாலை, சூப்பர் மார்க்கெட், பேருந்து ஆகிய அனைத்தும் அடங்கிய திரைநகரம் ஒன்றாகவே ஆயிற்று.

அவற்றுள் நம் கவனத்திற்கு உரியது அந்த சூப்பர் மார்க்கெட். திரையில் அலமாரிகள் வரிசையாக இருக்கும். வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் இருக்கும். மாணவன் தள்ளுவண்டியோடு சென்று, பொருளைத் தேடி எடுத்து, பணம் செலுத்துமிடத்திற்கு வர வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயற்கை. "திரையில் தக்காளி வாங்கிப் பழகியவனுக்கு உண்மைக் கடையில் தக்காளி வாங்க வருமா? விளையாட்டில் கெட்டிக்காரனாக ஆவான், வாழ்க்கையில்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி! ஏனெனில், ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்திற்கு எடுத்துச் செல்வது இப்பிள்ளைகளுக்கு மிகக் கடினம். வீட்டுக் குழாயில் கை கழுவத் தெரிந்தவன் பள்ளிக் குழாயின் முன் திகைத்து நிற்பதை எத்தனை பெற்றோர் பார்த்திருப்பார்கள்!

ஆய்வாளர்களும் அதே ஐயத்தைக் கொண்டார்கள். ஆகவே மாணவர்களை முதலில் உண்மையான சூப்பர் மார்க்கெட்டுக்கே அழைத்துச் சென்று, பட்டியல் கொடுத்துப் பொருள் வாங்கச் சொன்னார்கள். எடுத்துக்கொண்ட நேரத்தையும், சரியாக எடுத்த பொருள்களையும் குறித்துக்கொண்டார்கள். பிறகு மாணவர்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு திரைக்கடையில் பழகியது. மற்றக் குழுவும் கணினியில் அமர்ந்தது. ஆனால் கடையோடு தொடர்பில்லாத வேறு திரை உலகங்களில் விளையாடியது. சில வாரங்களுக்குப் பின் இரு குழுவினரும் மீண்டும் உண்மைக் கடைக்குச் சென்றனர். திரைக்கடையில் பழகியவர்கள் மற்றவர்களைவிட விரைவாகவும், பிழை குறைவாகவும் பொருள்களை எடுத்து வந்தனர். 1996இல் வெளியான இவ்வாய்வு இத்துறையில் ஒரு மைல்கல்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இரு குழுவும் கணினியில் அமர்ந்தன. அப்படியிருந்தும் கடையில் தேறியது ஒரு குழுதான். கணினி முன் உட்கார்ந்ததால் பயன் விளையவில்லை. எதைக் கற்க வேண்டுமோ அதையே திரை காட்டியதால் பயன் விளைந்தது. "ஏதோ விளையாடுகிறான், மூளை வளரும்" என்று நம்பிக் கைப்பேசியைக் கொடுப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

அதே 1996இல் வெளியான இன்னோர் ஆய்வில், சைகை மொழி கற்பிக்கும் திரை உலகத்தில் இத்தகைய மாணவர்களை ஆசிரியர் துணையோடு பழக்கினார்கள். தொடக்கத்தில் ஆசிரியர் ஓயாமல் சொல்லித்தர வேண்டியிருந்தது. கையைப் பிடித்து நகர்த்த வேண்டியிருந்தது. நாளடைவில் ஆசிரியரின் தலையீடு குறைந்தது. மாணவன் தானே செய்வது கூடியது. தானே செய்தல்! "எங்களுக்குப் பின் யார்?" என்று கலங்கும் பெற்றோருக்கு இவ்விரு சொற்களைவிட இனியவை உண்டா?

அடுப்படியில் ஒரு சோதனை

கடை போகட்டும், சமையலறை? கத்தியும் நெருப்பும் உள்ள இடமாயிற்றே! 2002இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கற்றல் குறைபாடுடைய மாணவர்களுக்கு உணவு ஆயத்தம் செய்வதைக் கற்பித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில வேலைகள் உண்மைச் சமையலறையிலும், சில திரைச் சமையலறையிலும், சில பயிற்சிப் புத்தகத்தின் வாயிலாகவும் கற்பிக்கப்பட்டன; சில கற்பிக்கப்படவே இல்லை. முடிவில் அனைத்தையும் உண்மைச் சமையலறையில் செய்யச் சொன்னார்கள். உணவு ஆயத்தத்தில் திரைப்பயிற்சி உண்மைப் பயிற்சிக்கு நிகராகப் பயன் தந்தது. புத்தகத்தைவிட மேலாக இருந்தது. ஆபத்தான பொருள்களை அடையாளம் காண்பதில் மட்டும் புத்தகமும் மற்ற இரண்டுக்கும் ஈடாகவே பயன் தந்தது.

ஆகவே, திரைதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். சிலவற்றுக்குப் படம் போட்ட புத்தகமே போதும். செய்து பழக வேண்டியவற்றில்தான் திரையின் பலம் தெரிகிறது.

எண்களின் ஓட்டப் பந்தயம்

இப்போது பிரான்சு நாட்டுக்குச் செல்வோம். கணக்கில் மட்டும் தடுமாறும் பிள்ளைகள் உண்டல்லவா? ஏழுக்கும் ஒன்பதுக்கும் எது பெரிது என்பதே அவர்களுக்கு உடனே புலப்படாது. நாம் "சோம்பேறி" என்கிறோம். ஆசிரியர் பிரம்பை எடுக்கிறார். உண்மையில் அது டிஸ்கால்குலியா எனப்படும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். மூளை எண்களை எவ்வாறு உணர்கிறது என்று ஆராய்ந்த ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் என்ற அறிஞரும், அன்னா வில்சன் என்பவரும் இத்தகைய பிள்ளைகளுக்காக "எண் பந்தயம்" என்ற கணினி விளையாட்டை வடிவமைத்து 2006இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர்.

விளையாட்டு எளியது. திரையில் இரண்டு குவியல்கள் தோன்றும். எது அதிகமோ அதைப் பிள்ளை தொட வேண்டும். எடுத்த அளவுக்கு ஏற்பக் கட்டங்களின் மீது அவனுடைய பிராணி முன்னேறும், எதிராளியும் முன்னேறும். இதில் என்ன புதுமை என்கிறீர்களா? புதுமை உள்ளே மறைந்திருக்கிறது. பிள்ளையின் ஒவ்வொரு விடையையும் கணினி கணக்கில் கொள்கிறது. அவன் ஏறத்தாழ நான்கில் மூன்று முறை வெல்லும்படி கடினத்தைக் கூட்டியும் குறைத்தும் தானே சரிசெய்துகொள்கிறது. தொடர்ந்து தோற்கும் பிள்ளை மனம் உடைந்து எழுந்துவிடுவான். தொடர்ந்து வெல்லும் பிள்ளை எதையும் கற்க மாட்டான். இரண்டுக்கும் இடையே உள்ள மெல்லிய கோட்டில் அவனை நடக்கச் செய்வதே நல்லாசிரியரின் திறமை. அத்திறமையைக் கணக்காக்கிக் கணினியில் பொதித்தார்கள்.

7 முதல் 9 வயதுவரை உள்ள 9 பிள்ளைகள், நாளொன்றுக்கு அரை மணி நேரம், வாரம் 4 நாட்கள், 5 வாரங்கள் விளையாடினர். கழித்தல் கணக்கில் அவர்களின் சரியான விடைகள் சராசரியாக 23 விழுக்காடு உயர்ந்தன. ஆனால் கூட்டலில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஒப்பிட வேறு குழுவும் அச்சோதனையில் இல்லை. இவற்றையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். நம்பத்தக்கவர் யார் என்பதற்கு இதுவே அடையாளம்: பலித்ததோடு பலிக்காததையும் சொல்பவர்.

நல்ல விளையாட்டின் இலக்கணம்

இத்தனை ஆண்டுப் பட்டறிவிலிருந்து வடிவமைப்பாளர்கள் கற்ற பாடங்கள் பல. அவற்றை நாம் அறிந்திருந்தால், பிள்ளைக்கு ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்க மாட்டோம்.

ஒரு வேளைக்கு ஒரே கட்டளை. "சிவப்புப் பந்தை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்து" என்றால் நம் பிள்ளையின் நினைவில் கடைசிச் சொல் மட்டுமே நிற்கும். மூன்றையும் மூன்று படிகளாகப் பிரித்துத் தர வேண்டும்.

சொல்லைவிடப் படம். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலருக்குக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் கண்டது நன்கு மனத்தில் தங்கும். ஆகவே, குரலோடு படமும் வர வேண்டும். படம் உண்மைப் பொருளைப் போலவே இருக்க வேண்டும்.

ஓடும் கடிகாரம் வேண்டாம். நேரம் குறைந்துகொண்டே போவதைக் கண்டால் பதறி, தெரிந்ததையும் தவறாகச் செய்வார்கள். காத்திருக்கத் தெரிந்த விளையாட்டே இவர்களுக்கு ஏற்றது.

தவறுக்கு வேடிக்கை வேண்டாம். இது விந்தையாகத் தோன்றலாம். தவறான விடைக்கு "டமால்" என்ற வெடிச் சத்தமும், சரியான விடைக்கு ஒரு சிறு மணியோசையும் வைத்தால், பிள்ளை வேண்டுமென்றே தவறு செய்து வெடியைக் கேட்டு மகிழ்வான்! தவறுக்கு அமைதி, சரிக்கு மகிழ்ச்சி. இதுவே விதி.

ஓசையை அடக்கும் வசதி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுள் பலருக்குத் திடீர் ஓசையும் மின்னும் ஒளியும் தாங்கொணா வேதனை தரும். இவற்றைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியாத விளையாட்டு அவர்களுக்கு உதவாது.

பெரிய பொத்தான், மாறாத இடம். விரலால் பிடித்து இழுப்பதைவிடத் தொடுவது எளிது. இன்று இடப்பக்கம் இருந்த பொத்தான் நாளை வலப்பக்கம் போனால், நமக்கு அது சிறு மாற்றம். அவனுக்கோ கற்றதெல்லாம் பாழ்.

உதவி மெல்ல மெல்ல விலக வேண்டும். முதலில் சரியான பொருளைச் சுற்றி ஒளிவட்டம், பிறகு மங்கிய வட்டம், பிறகு ஒன்றுமில்லை. மிதிவண்டி பழக்கும்போது பின்னால் பிடித்திருந்த கையை வாப்பா அறியாமல் எடுத்துவிடுவாரே, அதைப் போல!

வயதுக்கு மரியாதை. இருபது வயது இளைஞனுக்குத் தொட்டில் குழந்தைக்கான பொம்மைப் படங்களைக் காட்டுவது அவனை அவமதிப்பதாகும். அறிவு மெதுவாக வளரலாம்; மானம் வயதுக்கு ஏற்பவே வளர்கிறது.

அவர்களைக் கேட்டார்களா?

இத்தனை விதிகளையும் அறிஞர்கள் தம் அறையில் அமர்ந்து கண்டுபிடிக்கவில்லை. நாட்டிங்ஹாம் திரைநகரத்தை உருவாக்கியபோது, அதில் எவையெவை இருக்க வேண்டும் என்று கற்றல் குறைபாடு உள்ளவர்களையே அழைத்துக் கேட்டார்கள். அவர்கள் பயன்படுத்தும்போது எங்கே திகைக்கிறார்கள் என்று பார்த்து மாற்றினார்கள். "இவனுக்கு என்ன தெரியும்?" என்று நாம் நம் வீட்டிலேயே கேட்காமல் விடுகிறோம். எந்தச் சட்டை வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை. பல்கலைக்கழகத்தார் கேட்டார்கள். இதில் நமக்குப் பாடம் இல்லையா?

நம் தமிழ்ப் பிள்ளைகளின் தேவையையும் இங்கே சொல்லியாக வேண்டும். கிடைக்கும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பேசுகின்றன. டாலரில் காசு எண்ணக் கற்றுத்தருகின்றன. நம் பிள்ளை எண்ண வேண்டியது ரூபாயை அல்லவா? தமிழில் பேசினாலும் போதாது. "பசியாற வா" என்று கேட்டே வளர்ந்த பிள்ளையிடம் "சிற்றுண்டி உட்கொள்" என்று திரை சொன்னால் விழிப்பான். "அம்மா", "அப்பா" என்று காட்டும் படம், "உம்மா", "வாப்பா" என்று மட்டுமே அறிந்தவனுக்கு யாரோ அந்நியர். கற்றதை இடம் மாற்றிக்கொள்ளத் திணறும் பிள்ளைக்கு இந்தச் சிறு வேறுபாடுகளே பெரும் சுவராகிவிடும்.

சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் கணினித் துறையில் பணியாற்றும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுள் நால்வர் ஒன்றுகூடி, தங்கள் மஹல்லாவிலுள்ள அத்தகைய ஒரே ஒரு பிள்ளையின் அருகில் ஒரு மாதம் அமர்ந்து, அவன் தெருக் கடையையே திரையில் அமைத்துக் கொடுத்தால் அதன் மதிப்பை அளவிட முடியுமா?

ஏமாற வேண்டாம்

நம்பிக்கை உள்ள இடத்தில்தான் வணிகரும் கடை விரிப்பார். மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லுமோசிட்டி என்ற அமெரிக்க நிறுவனம், தன் விளையாட்டுகள் பள்ளியிலும் பணியிடத்திலும் திறமையைக் கூட்டும், முதுமையின் மறதியைத் தள்ளிப்போடும் என்றெல்லாம் விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2016 ஜனவரியில் அந்நிறுவனம் 20 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

முறையாகச் சோதிக்கப்பட்ட விளையாட்டிலும் கவனம் வேண்டும். கவனக் குறைபாடு உள்ள 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காக, மருத்துவர் எழுதித்தரும் சிகிச்சையாகவே "எண்டெவர்" என்ற விளையாட்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஜூனில் அனுமதி வழங்கியது. 348 பிள்ளைகளிடம் அது சோதிக்கப்பட்டது. கணினிவழிக் கவனச் சோதனையில், வேறு விளையாட்டு விளையாடிய பிள்ளைகளைவிட அதை விளையாடியவர்கள் முன்னேறினர். ஆனால், வீட்டில் பெற்றோர் கண்ட நடத்தையை மதிப்பிட்டபோது இரு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. திரையில் தெரியும் முன்னேற்றமும் வீட்டில் தெரியும் முன்னேற்றமும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

ஆகவே, எந்த விளையாட்டைப் பற்றி யார் புகழ்ந்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "விளையாட்டுக்கு வெளியே இவனால் புதிதாக என்ன செய்ய முடிகிறது?" இடையிடையே விளம்பரம் வருகிறதா, தொட்டதும் பணம் பறிபோகும் பொத்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். நம் பிள்ளைக்கு அவற்றின் வேறுபாடு தெரியாது. விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

நம் வீட்டில் தொடங்குவோம்

முதலில், பிள்ளையின் நிலை என்ன என்பதைத் தகுந்த நிபுணரிடம் காட்டி அறியுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கென மத்திய அரசு 2005இல் தொடங்கிய தேசிய நிறுவனம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் வழி கேட்கலாம். எந்த விளையாட்டும் மருத்துவருக்கோ சிறப்பாசிரியருக்கோ ஈடாகாது.

பிறகு, ஒரே ஒரு குறிக்கோளைத் தேர்ந்தெடுங்கள். "புத்திசாலி ஆக வேண்டும்" என்பது குறிக்கோளன்று. "முக்குக் கடையில் பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்க வேண்டும்" என்பது குறிக்கோள்.

பொருத்தமான விளையாட்டு கிடைக்கவில்லையா? கைப்பேசியில் நீங்களே ஒன்றை உருவாக்கலாம். வீட்டு வாசல், தெரு, கடை, கடைக்கார நானா, கொத்தமல்லிக் கட்டு, பத்து ரூபாய் நாணயம், திரும்பும் வழி என ஏழெட்டுப் படங்களை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகக் காட்டி "அடுத்து என்ன?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் மகிழுங்கள். தவறினால் அமைதியாக முந்திய படத்திற்குத் திரும்புங்கள். கொத்தமல்லியை நான்கைந்து விதமாகப் படம் எடுத்து வையுங்கள். இல்லையெனில் அந்த ஒரு படத்தில் இருப்பதுதான் கொத்தமல்லி என்று நினைத்துக்கொள்வான். நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். ஆனால், அந்த இருபது நிமிடமும் யாரேனும் ஒருவர் அருகில் அமர்ந்திருக்க வேண்டும்.

படத்தில் தேறியதும் வீட்டுக்குள் கடை விளையாட்டு. உம்மும்மா கடைக்காரர், தம்பி தராசு பிடிப்பவன், நாணயம் மட்டும் உண்மை நாணயம். அதற்கடுத்து உண்மைக் கடை. முதல் நாள் வாப்பா கூடவே நிற்கட்டும். மறுவாரம் கடைப்படிக்குக் கீழே. அடுத்த மாதம் தெருமுனையில். ஒரு நாள், வீட்டு வாசலில்.

வாசகர்களே! நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் திரையில் கடைத்தெருவை எழுப்பியது பிள்ளை திரைக்குள்ளேயே இருப்பதற்காக அன்று. அதைவிட்டு வெளியே வருவதற்காக. உள்ளறையில் கைப்பேசியோடு விடப்பட்ட பிள்ளைக்கும், அதே கைப்பேசியைப் பார்த்துவிட்டுக் கொத்தமல்லி வாங்கப் புறப்படும் பிள்ளைக்கும் இடையே கருவியில் வேறுபாடு இல்லை. அருகில் ஓர் ஆள் அமர்ந்தாரா என்பதில்தான் வேறுபாடு.

"எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்?" என்ற கேள்விக்கு முழு விடையை எந்த விளையாட்டும் தந்துவிடாது. ஆனால், அவன் தானே செய்யக்கூடியவை ஒவ்வொன்றாகக் கூடும்போது, பிறர் பார்க்க வேண்டியவை ஒவ்வொன்றாகக் குறைகின்றன. முக்குக் கடைக்காரருக்கும் அவன் முகம் தெரிந்திருக்கும். அவன் பெயரும் தெரிந்திருக்கும். நாளை அவனுக்காக நிற்கப்போகிறவர்கள், இன்று அவனை அறிந்தவர்களே அல்லவா? அந்த அமானிதத்தை உள்ளறையில் பூட்டி வைத்துவிட்டு, யார் பார்ப்பார்கள் என்று நாம் கேட்கலாமா?

இன்று மாலை அந்தக் கதவைத் திறந்து, கைப்பேசியை வாங்கி, அவன் அருகில் உட்காருங்கள். முதல் படமாக உங்கள் வீட்டு வாசலை எடுங்கள்.